எனவேயா, ஏனெனிலா?



மதரசாவில் நஹ்வு ஓதும் ஒரு பிள்ளையிடம் அத்ஃபுடைய ஹர்ஃபுகள் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். ‘ஹிதாயத்துந் நஹ்வு’ ஓதியவனாக இருந்தால் பத்து என்று உடனே சொல்வான். வாவு, ஃபா, சும்ம, ஹத்தா, அவ், இம்மா, அம், லா, பல், லாகின் என்று ஒரே மூச்சில் எண்ணியும் காட்டுவான். ‘வ’ வெறுமனே சேர்க்கும்; ‘ஃப’ சேர்ப்பதோடு வரிசையையும் உடனடித் தொடர்ச்சியையும் காட்டும்; ‘சும்ம’ வரிசையோடு இடைவெளியையும் உணர்த்தும் என்று அழகாக விளக்குவான். அதே பிள்ளையிடம் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்குரிய மாதிரித் தாளைக் கொடுத்து, இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் ‘எனவே’ வருமா, ‘ஏனெனில்’ வருமா என்று கேட்டால் தயங்குகிறான். நான்கு விடைகளையும் இரண்டு முறை வாசித்துவிட்டு, காதுக்கு எது இனிமையாக இருக்கிறதோ அதைக் குறிக்கிறான்.

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் எனக்கு இந்தக் காட்சி பழகிப்போனது. அரபியில் ஆராயத் தெரிந்தவனுக்குத் தமிழில் ஏன் ஆராயத் தோன்றுவதில்லை? என் எண்ணத்தில் காரணம் ஒன்றுதான். அரபியில் அந்தச் சிறு சொல்லை ஒரு சட்டத்தைத் தாங்கும் தூணாகக் கற்பிக்கிறோம். தமிழில் அதை வாக்கியத்தின் இடைவெளியை நிரப்பும் வெறும் சொல்லாக விட்டுவிடுகிறோம்.

இதனால் இழப்பது எவ்வளவு என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 2021 டிசம்பரில் வெளியான அரசாணைக்குப் பிறகு, மாநில அரசுப் பணிக்கான போட்டித் தேர்வுகளில் தமிழ்த் தாள் கட்டாயமாகிவிட்டது. குரூப் 4 தேர்வில் மொத்தம் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். அவற்றில் பாதி, அதாவது 100 வினாக்களும் 150 மதிப்பெண்களும், தமிழுக்கு உரியவை. தமிழில் 60 மதிப்பெண் எடுக்காதவரின் மற்றப் பகுதி திருத்தப்படுவதே இல்லை. பொது அறிவிலும் கணக்கிலும் அவர் எவ்வளவு தேறியிருந்தாலும் பயனில்லை. 2007 முதல் நம் சமுதாயத்திற்குப் பிற்படுத்தப்பட்டோர் பிரிவுக்குள் 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டின் வாசலிலும் இப்போது தமிழ்த் தாள்தான் நிற்கிறது. 2024ஆம் ஆண்டு குரூப் 4 அறிவிக்கையில் இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 இலட்சம் பேர். ஒரு வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண் என்றால், அந்த ஒன்றரையில் எத்தனை பேர் முன்னும் பின்னும் நிற்பார்கள் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

தமிழ்த் தாளின் பாடத்திட்டத்தில் ‘சரியான இணைப்புச் சொல்’ என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அதற்குச் சான்றாகத் தரப்பட்டிருப்பவை ஐந்து சொற்கள்: எனவே, ஏனெனில், ஆகையால், அதனால், அதுபோல. பயிற்சிக் குறிப்புகள் பெரும்பாலும் இந்த ஐந்தையும் ஒரு கட்டத்தில் அச்சிட்டு, எதிரே ‘காரணம்’, ‘விளைவு’, ‘ஒப்புமை’ என்று எழுதி முடித்துவிடுகின்றன. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். மனப்பாடக் கல்விக்குப் பேர்போன பகுதி நம்முடையது. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளின் மதிப்பெண்களைத் தமிழ்நாடே ஒரு காலத்தில் வியந்து பார்த்தது. மனப்பாடத்தை நான் இழித்துரைக்க மாட்டேன். ஹிஃப்ளு வகுப்பு நடக்கும் கட்டடத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது அழகும் அன்று. ஆனால் இந்த வினாவுக்கு மட்டும் மனப்பாடம் உதவாது. ஏனெனில் இங்கே கேட்கப்படுவது சொல்லின் பொருள் அன்று. இரண்டு வாக்கியங்களுக்கு இடையே உள்ள உறவு. அது எந்தக் கட்டத்திலும் அச்சாகியிருக்காது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். ‘கோழித் தீவனத்தின் விலை உயர்ந்தது.’ ‘முட்டை விலை உயர்ந்தது.’ நாமக்கல்லில் பிறந்த பிள்ளைக்கு இவற்றின் உறவைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தீவனம் முதலில் வந்தால் நடுவில் ‘எனவே’. முட்டை முதலில் வந்தால் நடுவில் ‘ஏனெனில்’. செய்தி ஒன்றே, உறவும் ஒன்றே. வாக்கியங்கள் இடம் மாறியதும் சொல் மாறிவிட்டது. கட்டத்தை மனப்பாடம் செய்தவன் ‘விலை உயர்வு, காரணம், ஆகவே ஏனெனில்’ என்று மொத்தமாகப் பிடித்துக்கொண்டு, வரிசையைக் கவனிக்காமல் விழுகிறான். இந்த வகை வினாவில் நான் காணும் தவறுகளில் பாதிக்கு மேல் இதுதான். காரணமும் விளைவும் அவனுக்குத் தெரிகின்றன. எது முன்னே நிற்கிறது என்பதைத்தான் அவன் பார்ப்பதில்லை.

இதற்கு மருந்து அந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. ‘ஏனெனில்’ என்பதைப் பிரித்தால் ‘ஏன் எனில்’, அதாவது ‘ஏன் என்று கேட்டால்’. கேள்வியைத் தன் வயிற்றிலேயே சுமந்துகொண்டிருக்கும் சொல் இது. ஆகவே முதல் வாக்கியத்தை வாசித்தவுடன் ‘ஏன்?’ என்று கேட்க வேண்டும். இரண்டாம் வாக்கியம் அதற்கு விடை சொன்னால் ‘ஏனெனில்’ பொருந்தும். ‘சரி, அதனால் என்ன ஆயிற்று?’ என்ற கேள்விக்கு விடை சொன்னால் ‘எனவே’, ‘ஆகையால்’, ‘அதனால்’ ஆகியவற்றில் ஒன்று. ‘ஆகையால்’ என்பதும் ‘ஆகை’யோடு ‘ஆல்’ உருபு சேர்ந்தது. ‘அப்படி ஆனதால்’ என்று விரித்தால் பொருள் தானே விளங்கும். ‘மேலும்’ என்பதில் மேலே இன்னொன்றை வைக்கிறோம். ‘இருப்பினும்’ என்பதில் ‘அப்படி இருந்தாலும்கூட’ என்று ஒப்புக்கொண்டு எதிர்ப்பக்கம் திரும்புகிறோம். ஒவ்வொரு சொல்லும் தன் வேலையைத் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. பிரித்துப் பார்க்கப் பழகியவனுக்குக் கட்டம் தேவையில்லை.

உருது பேசும் நம் வீடுகளின் பிள்ளைகளுக்கு இது இன்னும் எளிது என்பேன். சேலத்து முஸ்லிம் வீடுகள் பலவற்றில் பேச்சு மொழி தக்னிதான். தமிழ் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு உறுதிப்படும் மொழி. அதனால்தான் தமிழ்த் தாள் கடினம் என்று பெற்றோர் சொல்லக் கேட்கிறேன். ‘கியூங்கி’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். ‘கியூங்’ என்றால் ஏன்; ‘கி’ என்றால் ‘என்று’ போன்ற ஓர் இணைப்பு. ‘ஏனெனில்’ என்ற சொல்லின் அமைப்பும் ஏறத்தாழ இதுவே. ‘இஸ்லியே’ என்றால் ‘இதற்காக’. அது ‘ஆகையால்’ செய்யும் வேலையைச் செய்கிறது. ‘லேகின்’ அரபியின் ‘லாகின்’. இன்னும் ஒன்று: தக்னியில் நாம் ‘போல்கே’ என்று முடிக்கிறோமே, வடநாட்டு உருதுக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்களே, அது தமிழின் ‘என்று’ போன்ற நடை. ‘எனவே’ பிறந்த அதே ‘என்’ என்னும் வினையிலிருந்து வந்ததே அந்த ‘என்று’வும். வீட்டில் பேசும் மொழியில் இந்த உறவுகளை ஒரு நாளைக்கு நூறு முறை சரியாகச் சொல்லும் பிள்ளை, தாளில் மட்டும் தடுமாறுகிறான் என்றால் அறிவில் குறையில்லை. வீட்டுப் பேச்சுக்கும் தாளுக்கும் நடுவில் யாரும் பாலம் போட்டுக் காட்டவில்லை.

அந்தப் பாலத்தை மதரசா போடலாம். சிறு சொல்லை எப்படி மதிக்க வேண்டும் என்று கற்பிப்பதில் நம் முன்னோர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ‘அல்லாஹ் நாடியதும் நீங்கள் நாடியதும்’ என்று மக்கள் பேசியபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் திருத்தி, ‘அல்லாஹ் நாடியது, பின்னர் இன்னார் நாடியது’ என்ற பொருளில் சொல்லும்படி கற்பித்தார்கள். மாறியது ஒரே ஓர் ஹர்ஃபு. ‘வ’ இருந்த இடத்தில் ‘சும்ம’. முன்னது இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறது. பின்னது அடியானை அவனுக்குரிய இடத்தில், பின்னே, நிறுத்துகிறது. ஈமானின் ஒரு பெரிய விஷயம் ஓர் இணைப்புச் சொல்லில் தங்கியிருந்தது.

ஒளுவை எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்துப் பிள்ளை பெரும்பாலும் ஹனஃபி. காயல்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ வரும் விருந்தாளி ஷாஃபிஈ. ஒளுவின் உறுப்புகளை வரிசைப்படி கழுவுவது நமக்கு சுன்னத்து, அவர்களுக்கு ஃபர்ளு. அல்மாயிதா அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தில் அந்த உறுப்புகள் ‘வ’வினால் இணைக்கப்பட்டிருக்கின்றன. ‘வ’ வெறும் சேர்க்கைக்கு உரியது, வரிசையைக் கட்டாயமாக்காது என்பது ஹனஃபி இமாம்களின் வாதம். ஷாஃபிஈ இமாம்கள் அந்த ஒரு ஹர்ஃபை மட்டும் நம்பி நிற்கவில்லை. கழுவும் உறுப்புகளுக்கு நடுவே தலையை மஸ்ஹு செய்வது வைக்கப்பட்டிருக்கும் அமைப்பையும், நபி (ஸல்) அவர்கள் தொடர்ந்து செய்துகாட்டிய முறையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ‘உசூலுஷ் ஷாஷி’ ஓதும் மாணவன் இந்த ஹர்ஃபுகளுக்காகவே பல நாட்கள் செலவிடுகிறான். அதே மாணவனிடம் தமிழ் வாக்கியத்தைக் கொடுத்து ‘இந்த எனவே இங்கே நிற்குமா? தலீல் என்ன?’ என்று உஸ்தாத் கேட்டால் போதும். வேறு புத்தகம் வேண்டியதில்லை.

தமிழ் இலக்கணமும் இந்தச் சிறு சொற்களைச் சிறியனவாக நினைக்கவில்லை. தொல்காப்பியம் இவற்றுக்கென்றே இடையியல் என்று ஓர் இயலை ஒதுக்கியிருக்கிறது. ‘உம்’ என்ற ஓரசைக்கு மட்டும் எட்டுப் பொருள்களைச் சொல்கிறது. ‘அவனும் வந்தான்’ என்றால் வேறொருவரும் வந்திருக்கிறார் என்பது சொல்லாமலே விளங்குகிறது. ‘மூவரும் வந்தனர்’ என்றால் ஒருவரும் விடுபடவில்லை என்பது விளங்குகிறது. ஒரே ‘உம்’தான்.

நம் குடும்பங்களில் சிலர் பிள்ளைகளை அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்ப எண்ணி, ‘சாட்’ தேர்வு பற்றி விசாரிக்கிறார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் தந்தையர்தாம் அதிகம் கேட்கிறார்கள். அந்தத் தேர்வு இந்தியாவில் 2023 முதல் கணினி வழியில் நடக்கிறது. அதன் வாசிப்பும் எழுத்தும் என்ற பகுதியில் 64 நிமிடங்களில் 54 வினாக்கள். அவற்றுள் ஒரு வகை, சிறு பத்தியின் நடுவே கோடு இட்டு, தர்க்கத்திற்கு மிகவும் பொருந்தும் இணைப்புச் சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. அங்கே நான்கு விடைகளும் இலக்கணப்படி சரியானவை. எதை வைத்தாலும் வாக்கியம் உடையாது. உறவு ஒன்றுதான் நடுவர். அதற்குத் தயாராகும் மாணவர்களுக்குப் பயிற்சியாளர்கள் சொல்லும் ஓர் உத்தி நமக்கும் பயன்படும்: நான்கு விடைகளில் இரண்டு ஒரே வேலையைச் செய்தால் இரண்டையும் விலக்கிவிடு, சரியான விடை ஒன்றுதான் இருக்க முடியும். ‘எனவே’யும் ‘ஆகையால்’உம் சேர்ந்து விடைகளில் வந்திருந்தால், அவை இரண்டும் பெரும்பாலும் விடையாக இருக்க முடியாது.

இதை வைத்து நம் பாடத்திட்டத்தைப் பார்த்தால் எனக்கு ஒரு மனக்குறை எழுகிறது. அங்கே சான்றாகத் தரப்பட்ட ஐந்து சொற்களில் எனவே, ஆகையால், அதனால் ஆகிய மூன்றும் செய்வது ஏறத்தாழ ஒரே வேலை. ஆகவே ஐந்து சொற்கள் இருந்தும் உறவுகள் மூன்றே: விளைவு, காரணம், ஒப்புமை. ‘ஆனால்’, ‘இருப்பினும்’ போன்ற எதிர்நிலைச் சொற்களுக்கு அந்தச் சான்றில் இடமில்லை. சிந்தனைக்கு அதிகம் வேலை வைப்பவை அவைதாமே! ‘மேட்டூர் அணை 120 அடியை எட்டியது. இருப்பினும் எங்கள் ஊர் ஏரி நிரம்பவில்லை’ என்ற வாக்கியத்தில், அணை நிரம்பினால் ஏரியும் நிரம்பும் என்று ஒருவர் எதிர்பார்ப்பார் என்பதையும், அந்த எதிர்பார்ப்பு பொய்த்தது என்பதையும் ஒரே சொல் உணர்த்துகிறது. மேட்டூர் நீர் எங்கே போகிறது, எங்கே போகாது என்று அறிந்த சேலத்துக்காரருக்கு அந்த ‘இருப்பினும்’ இன்னும் ஆழமாகப் புரியும். அறிவிக்கையில் இல்லை என்பதற்காக நாம் இவற்றைக் கற்பிக்காமல் விடக் கூடாது. பத்தியை வாசித்து விடை சொல்லும் வினாக்களில் இவற்றைப் புரியாதவன் மொத்தப் பத்தியையும் தலைகீழாகப் புரிந்துகொள்வான்.

‘அதுபோல’ பற்றி ஒரு சொல். இரண்டு வாக்கியங்களும் ஒரே பொருளைப் பற்றிப் பேசினால் ‘அதுபோல’ என்று பிள்ளைகள் குறித்துவிடுகிறார்கள். அப்படி அன்று. பொருள்கள் வேறு வேறாக இருந்து, அவற்றின் நிலை ஒத்திருக்க வேண்டும். ‘கோழிப் பண்ணைக்கு மக்காச்சோளம் இன்றியமையாதது. அதுபோல, ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு இன்றியமையாதது.’ இங்கே பண்ணையும் ஆலையும் வேறு. ஒன்றை நம்பி இருக்கும் நிலை ஒன்று. கியாஸ் படித்த மாணவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மரவள்ளி என்றவுடன் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மாணவர்களிடம் நான் அடிக்கடி போடும் வாக்கிய இணை இது: ‘சேலம் வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலைகள் மிகுதி.’ ‘இங்கே மரவள்ளி பெருமளவில் பயிராகிறது.’ நடுவில் என்ன வரும்? கிழங்கு விளைவதால் ஆலை வந்தது என்பவன் ‘ஏனெனில்’ என்கிறான். ஆலை இருப்பதால் உழவர் கிழங்கை நடுகிறார் என்பவன் ‘எனவே’ என்கிறான். வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோதுதான் இந்தத் தொழில் சேலத்தில் வேர்விட்டது என்ற வரலாற்றைச் சொன்னால், ‘எனவே’ கட்சிக்குக் கொஞ்சம் பலம் கூடும். தேர்வில் இப்படி ஒரு வினா வந்தால் அது பழுதான வினா. வகுப்பில் இதைவிட நல்ல வினா கிடைக்காது. இணைப்புச் சொல்லை எழுதுகிறவன் உலகத்தைப் பற்றி ஒரு வாக்குமூலம் கொடுக்கிறான் என்பதை மாணவன் அங்கேதான் உணர்கிறான்.

அந்த வாக்குமூலம் பொய்யாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கைப்பேசியைத் திறந்தால் போதும். வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளில் முதல் வாக்கியம் பெரும்பாலும் உண்மையாக இருக்கிறது. இரண்டாவதும் சில நேரம் உண்மையாக இருக்கிறது. பொய் நடுவிலுள்ள ‘எனவே’யில் ஒளிந்திருக்கிறது. ஒரு மூலிகையைச் சாப்பிட்டார், நோய் குணமாயிற்று என்று இரண்டு செய்திகளை அருகருகே வைத்து, ‘எனவே’ என்று ஒரு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். நம் பெரியவர்கள் அதை அப்படியே அடுத்த குழுவுக்கு அனுப்புகிறார்கள். கேட்டதையெல்லாம் பிறருக்குச் சொல்லித் திரிவதை மார்க்கம் கண்டித்திருக்கிறது என்று பயான் செய்கிறோம். கேட்டவற்றை எந்தச் சொல்லால் இணைத்திருக்கிறார்கள் என்று பார்க்கவும் கற்றுக்கொடுக்க வேண்டாமா? (‘மேலும்’ என்று தொடங்கித் தொடங்கி ஒரு மணி நேரம் நீளும் சில பயான்களைப் பற்றியும் எழுதலாம், இன்ஷா அல்லாஹ் வேறொரு நாள்.)

விண்ணப்பங்களிலும் இதே கதைதான். ஜமாஅத் அலுவலகத்திற்கு உதவி கேட்டு வரும் தாய்மார்களுக்குப் பிள்ளைகள் மனு எழுதிக் கொடுப்பதுண்டு. ‘எனக்கு ஒரு மகன் இருக்கிறான். மேலும் அவன் உடல்நலம் இல்லாதவன்’ என்று எழுதினால், வாசிப்பவர் இரண்டு தனித் தகவல்களாகக் கடந்துபோவார். ‘எனக்கு ஒரு மகன் இருக்கிறான். ஆயினும் அவன் உடல்நலம் இல்லாதவன். எனவே வருமானத்திற்கு வழியில்லை’ என்று எழுதினால் அந்தத் தாயின் நிலை முழுவதும் இரண்டு சொற்களில் நிமிர்ந்து நிற்கிறது.

‘ஒரு வினாவுக்காக இவ்வளவு பாடா, ஹஜ்ரத்?’ என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். ஒரு வினாவுக்காக அன்று என்றுதான் பதில் சொன்னேன். அவர் அரைமனத்தோடு தலையசைத்தார். அவருடைய கவலை நியாயமானது. பிள்ளைக்கு நேரம் குறைவு, பாடம் அதிகம். அதனால் நான் கேட்பதும் அதிகம் இல்லை. மஃரிபுக்குப் பிறகு பத்து நிமிடம். வீட்டில் வரும் தமிழ் நாளிதழில் ஒரு பத்தியை எடுத்து, இணைப்புச் சொல் வரும் இடத்தை விரலால் மூடிக்கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். விடைகளைக் காட்டுவதற்கு முன், இரண்டு வாக்கியங்களுக்கும் என்ன உறவு என்று வீட்டுப் பேச்சிலேயே, தக்னியிலோ தமிழிலோ, சொல்லச் சொல்லுங்கள். பிறகு விரலை எடுங்கள். சொல் சரியாக இருந்தால் வாக்கியங்களை இடம் மாற்றி, இப்போது என்ன வரும் என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். நான் பார்த்தவரை இதில் அவர்கள்தாம் முந்துகிறார்கள். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பெண்ணுக்கும் குரூப் 4 எழுதத் தகுதி உண்டு என்பதைப் பல வீடுகள் இன்னும் அறியவில்லை.

இன்றிரவே தொடங்க விரும்புவோருக்கு ஓர் இணை: ‘பேருந்து தாமதமாக வந்தது.’ ‘அவர் ஜும்ஆ தொழுகைக்கு நேரத்தில் வந்துவிட்டார்.’ நடுவில் எது வரும் என்று பிள்ளையிடம் கேளுங்கள். ‘இருப்பினும்’ என்று சொன்னால், ‘எனவே’ என்று வைத்தாலும் வாக்கியம் நிற்கும்படி ஒரு கதை சொல்ல முடியுமா என்று அடுத்துக் கேளுங்கள். முடியும் என்கிறாள் என் வகுப்பில் ஒரு சிறுமி: பேருந்தைக் காணோம் என்று அவர் நடந்தே புறப்பட்டுவிட்டாராம்.